மூன்று நாளில் ஒரு நாவலைத் திருத்த முடியுமா?

2024 ஜனவரி 3, மாலை

கேள்வியை வந்தபடியே போடுகிறேன்: "அண்ணே, நாவல் முடிஞ்சிருச்சு. 60 ஆயிரம் சொல். பிழை திருத்த மூணு நாள் போதும்னு ஒருத்தர் சொல்றாரு. இன்னொருத்தர் மூணு மாசங்கிறாரு. வெளியீட்டு விழா மண்டபத்துக்கு முன்பணம் கட்டலாமா வேணாமா?"

மூன்று நாள் என்கிறவரை நம்பாதே தம்பி. மூன்று நாளில் அவர் பக்கத்தைப் புரட்டுவார், அவ்வளவுதான். பத்து நாள் கொடுத்தால் நல்ல வேலையாக நடக்கும். மண்டபம் எடுத்துக்கொள்.

ஜனவரி 3, இரவு 11

மேலே பத்து நாள் என்று எழுதியதை அழிக்கவில்லை, கிடக்கட்டும். எழுதிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் மேசைமேல் இருக்கும் கட்டு கண்ணில் பட்டது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருடைய நாவல். 64,000 சொல், ஏ4 தாளில் 240 பக்கம். டிசம்பர் 11 அன்று கைக்கு வந்தது. இன்றோடு மூன்று வாரம் தாண்டிவிட்டது, முடித்திருப்பது 30 பக்கம்.

பகலில் இங்கே மலேசியாவில் ஒரு செம்பனைத் தோட்ட ஆபீசில் கிராணி (குமாஸ்தா) வேலை, ஆண்டுக் கடைசிக் கணக்கு வேறு, இரவில்தான் இதைத் தொட முடியும் என்று சாக்குச் சொல்லலாம்தான். ஆனால் நான் உட்கார்ந்த நேரம் எழுந்த நேரம் இரண்டையும் நோட்டில் குறிக்கிற ஆள். அந்த 30 பக்கத்துக்கு மட்டும் 9 மணி நேரம் ஆகியிருக்கிறது. அதே வேகத்தில் போனால் 240 பக்கத்துக்கு 72 மணி நேரம். இரவுக்கு இரண்டு மணி நேரம் என்றால் 36 இரவு.

இதைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிப் பத்து நாள் என்று சொன்னேன் என்று தெரியவில்லை. அடுத்தவன் வேலை என்றால் எல்லாம் சுருக்காகத்தான் தெரிகிறது.

ஜனவரி 5

முதல் 30 பக்கம் மெதுவாகப் போனதற்குக் காரணம் உண்டு. அங்கே நான் திருத்தியதைவிட முடிவு எடுத்ததுதான் அதிகம். "தோட்டத்துக்கு" என்று போவதா "தோட்டத்திற்கு" என்று போவதா? சார் இரண்டையும் எழுதியிருக்கிறார், சில சமயம் ஒரே பத்தியில். நாள்களா நாட்களா? எழுத்துகளா எழுத்துக்களா? கறுப்பா கருப்பா? எது சரி என்று சண்டை போட்டால் விடிந்துவிடும். ஏதாவது ஒன்றைப் பிடித்துக் கடைசிவரை அதையே பிடித்திருக்க வேண்டும், அதற்கு அதை எங்காவது எழுதி வைக்க வேண்டும்.

ஒரு பள்ளிக்கூட நோட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பக்கம். பிறந்த ஆண்டு, என்ன கண், என்ன பேச்சு. பெரிய கங்காணி 12-ஆம் பக்கத்தில் "போயிட்டேன்" என்கிறார், 19-ல் "போய்ட்டேன்", 26-ல் திடீரென்று "சென்றுவிட்டேன்". மேடை ஏறிவிட்டார் போலிருக்கிறது. மூன்றில் எது கங்காணியின் வாய் என்று முடிவு செய்ய முன்னால் திரும்பி அவர் பேசிய எல்லா இடத்தையும் படிக்க வேண்டியிருந்தது. இந்த மாதிரி வேலைதான் மணியைத் தின்கிறது. 31-ஆம் பக்கத்திலிருந்து வேகம் கூடிவிட்டது, நேற்று இரவு இரண்டு மணி நேரத்தில் பத்துப் பக்கம்.

ஆக 72 என்ற கணக்கும் தப்பு. முதல் 30 பக்கத்து வேகத்தை வைத்து மொத்தத்தையும் அளக்கக் கூடாது.

ஜனவரி 6

வெள்ளைக்காரர்கள் இதற்கு என்ன கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று தேடினேன். சிகாகோ நடைக் கையேடு 1906-லிருந்து வருகிறது, அமெரிக்கப் பதிப்பாளர்களுக்கு அது வேதம் மாதிரி. அதில் சொல்லியிருப்பது: 1,00,000 சொல் உள்ள கைப்பிரதியை அனுபவமுள்ள ஒருவர் திருத்தி ஆசிரியரிடம் அனுப்ப 75 முதல் 100 மணி நேரம். ஆசிரியர் பார்த்துத் திருப்பி அனுப்பிய பிறகு இன்னும் 10 முதல் 20 மணி நேரம். நம்முடைய 64,000-க்கு அதைச் சுருக்கினால் எல்லாம் சேர்த்து 54-லிருந்து 77 மணி நேரம் வருகிறது.

அந்த ஊர்ச் சுயதொழில் திருத்துநர் சங்கம் ஒன்றின் பழைய அட்டவணை வேறு விதம். 250 சொல்லை ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டு, லேசான திருத்தம் என்றால் மணிக்கு 5 முதல் 10 பக்கம், கனமான திருத்தம் என்றால் 2 முதல் 5 பக்கம் என்று போட்டிருந்தார்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு குட்டு. மூன்று நாள் என்று சொன்ன ஆளை முதல் நாளே வைதுவிட்டேன் இல்லையா? மூன்று நாள், நாளுக்கு எட்டு மணி நேரம், ஆக 24 மணி நேரம். 60,000 சொல்லை 24-ஆல் வகுத்தால் மணிக்கு 2,500 சொல், அதாவது பத்துப் பக்கம். அந்த அட்டவணையின் உச்சிக்கொம்பில் சரியாகப் போய் நிற்கிறது. மனிதர் பொய் சொல்லவில்லை. கைப்பிரதி பளிங்கு மாதிரி இருந்து, அவர் எழுத்துப் பிழை மட்டும் பார்த்து, எட்டு மணி நேரமும் கண் அசராமல் இருந்தால் நடக்கும். மன்னித்துக்கொள்ளுங்கள் ஐயா, நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது.

ஜனவரி 9

ஆபீசில் யாரும் இல்லாத நேரத்தில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன், காரணம் இது.

நாவலின் நாயகனுக்கு முதலில் மணி என்று பெயராம். பாதியில் சாருக்கு அது பிடிக்காமல் வேலு என்று மாற்றியிருக்கிறார். கணினியில் "மணி"யைத் தேடி எல்லா இடத்திலும் "வேலு" என்று மாற்று என்று ஒரே தட்டு. விளைவு: "காலை ஐந்து வேலுக்குப் பெரட்டு." (பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது.) "வேலு என்ன ஆச்சு என்று கேட்டான்." தாய் பிள்ளையைக் கொஞ்சுகிறாள், "என் கண்வேலு." அது மட்டும் அழகாகத்தான் இருக்கிறது, விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

தானாக மாற்றியதைத் தானாகத் திருப்ப முடியாது. இப்போது "வேலு" வரும் ஒவ்வொரு இடத்திலும் நின்று, இது ஆளா நேரமா என்று பார்க்க வேண்டும்.

ஜனவரி 10

72-ஆம் பக்கத்தில் "தெலுக் இந்தான் சாய்ந்த வேலுக்கூண்டு."

ஜனவரி 13

சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே க், ச், த், ப் என்று ஒற்றுப் போடுவது பற்றிக் கேட்டிருந்தாய். கதையோட்டத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது, விதிப்படி போட்டுவிடுவேன், கை தானாகப் போகும். அது அலங்காரம் என்று நினைக்கிறவர்களுக்கு ஓர் உதாரணம். சார் எழுதியிருந்தார்: "அவன் துரையிடம் வேலைக் கேட்டான்." ஒரு க் அதிகம். வேலை கேட்டான் என்றால் பிழைப்பு கேட்டான். வேலைக் கேட்டான் என்றால் கையில் பிடிக்கிற வேலாயுதத்தைக் கேட்டான். முருகனிடம் போய்க் கேட்க வேண்டியதை வெள்ளைக்காரத் துரையிடம் கேட்டிருக்கிறான், அதுவும் தைப்பூச நேரத்தில்.

உரையாடலில்தான் வழுக்கல். "அந்த கெழவன் வந்தானா" என்று சார். நான் முதல் எண்பது பக்கத்தில் பேச்சிலிருந்த ஒற்றையெல்லாம் எடுத்துக்கொண்டே வந்தேன். பேச்சுத்தானே, இலக்கணம் எதற்கு என்று ஒரு நினைப்பு. நேற்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். "அந்தக் கெழவன்" என்றுதான் வாய் சொல்கிறது. க் தானாக அழுந்துகிறது. ஒற்றுக்கே பிறப்பிடம் வாய்தான், புத்தகம் பிறகு வந்தது. எடுத்ததையெல்லாம் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். வாய் அழுத்தாத இடத்தில் மட்டும் விட்டுவிடுகிறேன்.

இன்னொன்று. பிழை எத்தனை என்பதற்கும் நேரம் எவ்வளவு என்பதற்கும் சம்பந்தமே இல்லை. "முயற்ச்சி" என்று 41 இடத்தில் இருந்தது. ற் வந்தால் பக்கத்தில் இன்னோர் ஒற்று வராது, 41-ம் ஒரு நொடியில் போய்விட்டது. "சுவற்றில்" 17 இடம், எல்லாம் "சுவரில்" ஆச்சு, அதுவும் ஒரு நொடி. 95-ஆம் பக்கத்தில் ஒரு கிழவி பேசும் வாக்கியம், அவள் மகனைத் திட்டுகிறாளா மருமகளைத் திட்டுகிறாளா என்று தெரியவில்லை. அதில் இருபது நிமிடம் நின்றேன். கடைசியில் ஒன்றும் மாற்றாமல் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டேன்.

ஜனவரி 14

நாளைக்குப் பொங்கல். கரும்பு வாங்கப் போனதில் வேலை நடக்கவில்லை. பூஜ்யம் என்று நோட்டில் போட்டாச்சு.

ஜனவரி 18

173-ஆம் பக்கம். ஒரே பக்கத்துக்கு 50 நிமிடம். இந்தப் பக்கத்தில் நாயகனின் அக்கா பழைய நாளையெல்லாம் நினைத்துப் பார்க்கிறாள், அதனால் எல்லா வருஷமும் ஒரே இடத்தில் வந்து விழுகின்றன.

"1961-ல் மலேசியா முழுதும்" என்று முதல் வரி. 1961-ல் மலேசியா ஏது? 1963 செப்டம்பர் 16-க்குப் பிறகுதான் மலேசியா, அதற்கு முன்னால் மலாயா. சரி, இது எளிது. அடுத்து, "பெஸ்தாரி ஜெயா பஸ் நிலையத்தில் இறங்கினாள்." நம் ஊருக்கு அந்தப் பெயர் 2007-ல்தான் வந்தது. அவள் இறங்கியது பத்தாங் பெர்சுந்தையில். இன்றைக்கும் ஊருக்குள் பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறோம், சாரும் வாயால் அப்படித்தான் சொல்வார். எழுதும்போது மட்டும் ரோட்டுப் பலகையைப் பார்த்து எழுதிவிட்டார். மூன்றாவது, அவள் மகள் 1985-ல் யு.பி.எஸ்.ஆர். (தொடக்கப் பள்ளி முடிவில் எழுதும் அரசாங்கச் சோதனை) எழுதுகிறாள். அந்தச் சோதனை 1988-ல்தான் வந்தது.

நான்காவதை முதலில் தாண்டிப் போய்விட்டேன். படுத்த பிறகு உறைத்து எழுந்து வந்தேன். "1972. காலை ஏழேகால், இன்னும் சூரியன் எழவில்லை." இப்போது படிக்கிறவனுக்குச் சரியாகத்தான் படும், ஏனென்றால் இப்போது இங்கே ஏழு மணியை ஒட்டித்தான் சூரியன், சில மாதம் ஏழரைவரை இழுக்கும். ஆனால் 1982 ஜனவரி 1 அன்று தீபகற்பம் முழுதும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அப்போது நான் மூன்றாம் ஆண்டு. அதுவரை வெளிச்சத்தில் பள்ளிக்குப் போனவர்கள் அதற்குப் பிறகு இருட்டில் போனோம், நாய்க்குப் பயந்து ஒருவன் சட்டையை ஒருவன் பிடித்துக்கொண்டு. 1972-ல் ஏழேகாலுக்கு நன்றாக விடிந்திருக்கும், பெரட்டு முடிந்து ஆளெல்லாம் நிரைக்கு (மர வரிசைக்கு) போயிருக்கும்.

இதெல்லாம் பிழை திருத்துகிறவன் வேலையா, ஆசிரியர் வேலையா என்று கேட்கலாம். ஆசிரியர் வேலைதான். ஆனால் அச்சில் வந்த பிறகு வாசகன் ஆசிரியரை மட்டும் திட்டுவதில்லை.

ஜனவரி 20

முன்பு செய்த ஒரு பாவத்தைச் சொல்ல வேண்டும். சில வருஷத்துக்கு முன்னால் இன்னொருவருடைய சிறுகதைத் தொகுப்பைப் பார்த்தேன். அதில் "மங்கு" என்று வரும், மரத்தில் பால் பிடிக்கிற பீங்கான் கிண்ணம். தமிழ்நாட்டு வாசகருக்குப் புரியாதே என்று "கோப்பை" ஆக்கினேன். "கித்தா"வை "ரப்பர்" ஆக்கினேன். கேட்காமல் செய்தேன், அதற்குப் பெயர் செம்மையாக்கம் என்று நினைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகம் வந்த பிறகு ஒரு பாட்டி படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "மரத்துல எதுக்குக் கோப்பி கோப்பையக் கட்டி வச்சிருக்காங்க?" என்று கேட்டாராம்.

அதனால் இந்த நாவலில் பெரட்டு, மண்டோர், ஒட்டுப்பால், ஆயாக் கொட்டகை என்ற தோட்டத்துச் சொல் எதிலும் கை வைக்கவில்லை. நான் பார்ப்பது ஒன்றுதான், "பெரட்டு" எல்லா இடத்திலும் "பெரட்டு"தானா, எங்காவது "பிரட்டு" ஆகிவிட்டதா என்று. பணத்தையும் அப்படியே விட்டேன். 1975-க்குப் பிறகு அதிகாரப் பெயர் ரிங்கிட், ஆனால் நம் ஆட்கள் வாயில் அன்றும் வெள்ளி, இன்றும் வெள்ளி.

ஜனவரி 24

முதல் சுற்று முடிந்தது. 31-லிருந்து 240 வரை 42 மணி நேரம், மணிக்கு ஐந்து பக்கம். முன்னால் ஆன 9-ஐச் சேர்த்தால் 51. கேள்விக்குறி போட்ட இடம் 143. நாளைக்குப் பத்துமலைக்குப் போகிறோம், இரண்டு நாளைக்கு என்னைக் கூப்பிடாதீர்கள்.

ஜனவரி 29

143 கேள்வியையும் தூக்கிக்கொண்டு சாருடன் கோப்பிக்கடையில் மூன்று தடவை உட்கார்ந்தோம். மொத்தம் 7 மணி நேரம். வாட்சாப்பில் அனுப்பினால் வேகமாக முடியும் என்று நினைப்பாய். 20 கேள்வி அனுப்பிப் பார்த்தேன், "எல்லாம் சரி தம்பி" என்று ஒரு பதில் வந்தது. "இதுவா அதுவா" என்று கேட்ட கேள்விக்கு "சரி" என்றால் நான் எதைச் செய்வது?

நேரில் உட்கார்ந்தால் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கதை வந்தது. சுதந்திர நாளை, 1957 ஆகஸ்ட் 31-ஐ, ஞாயிற்றுக்கிழமை என்று எழுதியிருந்தார். அது சனிக்கிழமை. முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அப்புறம் கோப்பியைக் கலக்கிக்கொண்டே, "அன்னிக்குப் பெரட்டு இல்ல, அது ஞாபகம் இருக்கு. பெரட்டு இல்லாட்டி ஞாயிறுதானே, அப்படிப் போட்டுட்டேன்" என்றார். அந்த வாக்கியத்தையே நாவலில் போடுங்கள் சார் என்றேன். கிழமையை எடுத்துவிட்டு "பெரட்டு இல்லாத நாள்" என்று போட்டார். திருத்தத்துக்கு முன்னால் இருந்ததைவிட நன்றாக இருக்கிறது.

ஆறாம் அத்தியாயத்தில் செத்த நாய் பதினோராம் அத்தியாயத்தில் குரைக்கிறது என்றேன். அது வேறு நாய் என்றார். அப்படியா சார் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல தம்பி, அதே நாய்தான்" என்றார்.

143-ல் 31-ஐ மறுத்துவிட்டார். அதில் பத்துக்குப் பிறகு, அவர் சொன்னதுதான் சரி என்று எனக்கே பட்டது. கிழவி யாரைத் திட்டுகிறாள் என்று தெரியவில்லை என்றேனே, "ரெண்டு பேரையும்தான், அதான் அப்படி எழுதினேன்" என்றார். நல்ல வேளை, கை வைக்கவில்லை.

பிப்ரவரி 1

திருத்தங்களைக் கோப்பில் ஏற்ற 6 மணி நேரம் ஆச்சு. இப்போது இரண்டாம் சுற்று. யூனிசெல் பல்கலைக்கழக மாணவர்கள் நகலெடுக்கிற கடையில் வேறு எழுத்துருவில், பெரிய எழுத்தில் எடுத்து வந்தேன். பழகிய முகத்தில் மச்சம் தெரியாது, வேறு வடிவத்தில் பார்த்தால் தெரியும். மணிக்கு 12 பக்கம் ஓடுகிறது.

ஓர் எச்சரிக்கை. இரவு 11-க்கு மேல் பார்த்த பக்கத்தை எண்ணாதே. செவ்வாய்க்கிழமை உற்சாகத்தில் ஒரு மணிவரை இருந்து 14 பக்கம் பார்த்தேன். மறுநாள் திறந்தால் அதில் ஒன்பது பிழை அப்படியே இருக்கிறது, போதாததற்கு நானே புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறேன். தூக்கம் வந்த கண் தாளில் இருப்பதைப் படிப்பதில்லை, மனசில் இருப்பதைப் படிக்கிறது.

பிப்ரவரி 4

இது என் மானம் போன கதை.

இரண்டாம் சுற்றின் கடைசிப் பகுதியை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் பத்திரிகைத் தாளை விரித்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். கேட்கிற மாதிரியே தெரியவில்லை. 203-ஆம் பக்கம், நாவலின் முக்கியமான இடம்: உச்சி வெயிலில் கதாநாயகி தனியாகப் பால் மரம் வெட்டிக்கொண்டிருக்கிறாள் (ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் இறக்குவது), கிராணி வந்து வம்பு செய்கிறான், அவள் பால் வெட்டும் கத்தியைக் காட்டி விரட்டுகிறாள். நல்ல காட்சி. நான் இரண்டு தடவை படித்து, நான்கு ஒற்றும் ஒரு காற்புள்ளியும் திருத்தியிருந்தேன்.

அம்மா கையை நிறுத்தாமல், "ஏண்டா, உச்சி வெயில்ல எவ பால் வெட்டுவா?" என்றார்.

முப்பது வருஷம் பால் வெட்டிய கை அது. விடியுமுன்னே ஏன் வெட்டுகிறார்கள் என்று எனக்கும் தெரியும். இரவெல்லாம் இலை நீரை விடாமல் இருப்பதால் பட்டைக்குள் இருக்கும் பால்குழாயில் அழுத்தம் அதிகம், விடியலில் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற அழுத்தம் குறையும், ஓட்டமும் குறையும். பத்துப் பதினொன்றுக்கெல்லாம் மங்கிலிருந்து பாலை எடுத்து ஸ்டோருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். இது தெரிந்துகொண்டேதான் நான் 203-ஆம் பக்கத்தில் காற்புள்ளி போட்டுக்கொண்டிருந்தேன். ஒற்றைப் பார்க்கிற கண் வெயிலைப் பார்க்கவில்லை. ஒரு சுற்றில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் போல.

சாருக்கு உடனே கூப்பிட்டேன். ஒரு நிமிடம் பேச்சே இல்லை. காட்சியை விடியலுக்கு மாற்ற முடியாது, அடுத்த பக்கத்தில் நடுமத்தியானத்துத் தந்தி ஒன்று வருகிறது. வெட்டுகிறாள் என்பதைப் பால் எடுக்கிறாள் என்று மாற்றினால் கையில் கத்தி இருக்காதே, வாளிதானே இருக்கும் என்று நான் குழம்பினேன். அம்மா நெத்திலியைப் பார்த்துக்கொண்டே, "கத்தி எங்க போகும், பையிலதான் கெடக்கும். வாளியக் கீழ வச்சிட்டு எடுக்கட்டும்" என்றார்.

சாரிடம் அப்படியே சொன்னேன், எழுதிவிட்டார். வாளியைக் கீழே வைக்கிற அந்த ஒரு விநாடியில் கிராணிக்கு முகம் மாறுவதாக எழுதியிருக்கிறார். முன்னால் இருந்ததைவிடப் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 6

கோப்பை அச்சகத்துக்குக் கொடுத்தாச்சு. சீனர் அச்சகம், பத்தாம் தேதி சீனப் பெருநாள், அதற்கு முன்னால் கொடுக்காவிட்டால் பெருநாள் முடிந்து அவர்கள் திரும்பிவரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த பயத்தில்தான் கடைசி வாரம் அவ்வளவு ஓடியது.

கணக்கு: முதல் சுற்று 51, சாருடன் உட்கார்ந்தது 7, ஏற்றியது 6, இரண்டாம் சுற்று 20. மொத்தம் 84 மணி நேரம்.

பிப்ரவரி 6, இரவு

84 இல்லை, 89. டிசம்பரில் முதல் இரண்டு இரவு பழைய எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்றியதில் போன 5 மணி நேரத்தை வேலையாகவே எண்ணவில்லை. மாற்றியதில் துணைக்கால் வர வேண்டிய இடத்தில் எல்லாம் ர வந்து உட்கார்ந்திருந்தது, "காலை" எல்லாம் "கரலை." கொ, கோ எழுத்துகள் இரண்டு விதமாகப் பதிந்திருந்தன. கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. "கொண்டு" என்று தேடினால் பாதி கிடைக்கும், பாதி ஒளிந்துகொள்ளும்.

89 மணி நேரத்தில் 64,000 சொல், மணிக்கு 719. சிகாகோக்காரர்களைவிட மெதுவுதான். ஆனால் அவர்கள் சொல்லும் நம் சொல்லும் ஒரே அளவா? "போய்க்கொண்டிருந்தவர்களையும்" என்பது நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல நாலைந்து சொல் வேண்டும். அவர்கள் அட்டவணையை அப்படியே தூக்கி வந்து இங்கே வைத்தது என் தப்பு.

சார் ஓர் உறையில் 600 வெள்ளி வைத்துக் கொடுத்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. வகுத்துப் பார்த்திருக்கக் கூடாது, பார்த்துவிட்டேன். மணிக்கு 6 வெள்ளி 74 காசு. இந்த 2024 பிப்ரவரியில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 7 வெள்ளி 21 காசு. நான் கிராணி இல்லையா, என் ஆபீசில் ஒருவருக்கு இப்படிச் சம்பளம் போட்டால் என்னைப் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள்.

பிப்ரவரி 8

"அப்ப எனக்கு எத்தனை நாள்ணே?" என்று மறுபடியும் கேட்கிறாய். உன் பிரதியைப் பார்க்காமல் சொல்ல முடியாது. 20 பக்கம் அனுப்பு. முதல் அத்தியாயம் வேண்டாம், அதை எல்லோரும் பத்துத் தடவை திருத்தியிருப்பார்கள். நடுவிலிருந்து அனுப்பு. ஐந்து பக்கம் பார்த்து நேரம் எடுத்து, அதை வைத்துச் சொல்கிறேன். பிறகு அதில் கால் பங்கைக் கூட்டிக்கொள், உன்னோடு நான் கோப்பிக்கடையில் உட்கார வேண்டிய நேரம் அது. நீ ஒரு வாரம் பதில் சொல்லாமல் இருந்தால் அந்த ஒரு வாரமும் உன் கணக்கில்தான்.

மண்டபத்துக்கு முன்பணம் கட்டாதே.

பிப்ரவரி 19

கட்டிவிட்டானாம். மார்ச் 31, ஞாயிற்றுக்கிழமை. முதல் நூல் வாங்குகிறவரைக்கூடப் பார்த்தாச்சாம், அழைப்பிதழ் அச்சுக்குப் போகிறதாம்.

பிப்ரவரி 20

20 பக்கம் வந்தது. ஐந்து பக்கத்துக்கு 55 நிமிடம். பேச்சு சுத்தமாக இருக்கிறது, எல்லோரும் ஒரே மாதிரி பேசாமல் அவரவர் வாயில் பேசுகிறார்கள், அது பெரிய விஷயம். ஆனால் கதை 1976-ல் நடக்கிறது, காலை ஏழு மணிக்கு இருட்டு என்று எழுதியிருக்கிறாய். மேலே ஜனவரி 18-ல் எழுதியதைப் படிக்கவில்லை என்று தெரிகிறது.

மீதியை இன்றைக்கே அனுப்பு. யூனிகோடில் அனுப்பு. பெயர் எதையாவது கடைசி நேரத்தில் மாற்றியிருந்தால் இப்போதே சொல்லிவிடு. ஒன்பது மணிக்கு உட்காருகிறேன், அம்மாவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.